சீசனுக்கு ஆள் தேடும் காலம்



மார்ச் பிறந்துவிட்டால் அறுகம்பேயில் இரண்டு வேலைகள் மும்முரமாக நடக்கும். ஒன்று, கெஸ்ட் ஹவுஸ் சுவர்களுக்குப் பெயின்ட் அடிப்பது. மற்றது, ஆள் தேடுவது. பெயின்ட் வேலை ஒரு கிழமையில் முடிந்துவிடும். ஆள் தேடும் வேலை மே மாதம் வந்தாலும் முடியாது.

தேடுவது யார் என்று பாருங்கள். முதலாளி தேடுவார், இல்லையென்றால் அவருடைய மச்சான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொப்பி கிடக்கும். போன வருடம் குசினியில் நின்றவர், அறை துப்புரவு செய்தவர், சர்ஃபிங் பலகைகளைப் பார்த்துக்கொண்டவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், தொலைபேசி இலக்கம், ஊருக்குப் போகும்போது வாங்கிய முற்பணம். திரும்பி வருவேன் என்பதற்கு அந்த முற்பணம்தான் ஒப்பந்தம், வேறு கடதாசி கிடையாது. முதலாளி கோல் எடுப்பார்.

"எப்ப வாறாய் தம்பி?"

"காக்கா, கட்டார் விசா வந்திட்டு."

அந்த வரியை வெட்டிவிட்டு அடுத்த இலக்கத்தை அழுத்துவார்.

"கூடச் சம்பளம் கேட்கிறானுகள்" என்று சொல்லி இந்தக் கதையை நாம் முடித்துவிடுகிறோம். சம்பளமும் காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆட்களைச் சேர்ப்பதையும் அவர்களைப் போகவிடாமல் வைத்திருப்பதையும் தொழிலாகப் படித்த ஒருவர் இந்தக் கரையில் எத்தனை விடுதிகளில் இருக்கிறார்?

படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் ஒலுவிலில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் முகாமைத்துவ, வர்த்தக பீடத்திலிருந்து பிள்ளைகள் வருடா வருடம் வெளியே வருகிறார்கள். வந்தவர்கள் முதலில் பார்ப்பது அரச உத்தியோகத்தை. அங்கே ஓய்வூதியம் இருக்கிறது, கலியாணப் பேச்சிலும் அதற்குத் தனி மதிப்பு. 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பெருந்தொகையாகப் பயிலுநர்களாக எடுத்தபோது, கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் கதிரை போதாமல் போனது. மிஞ்சியவர்கள் கொழும்புக்குப் போய் வங்கியிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ மனிதவளப் பிரிவில் உட்காருகிறார்கள். அங்கிருந்து டோஹாவும் துபாயும் தூரமில்லை. நெருக்கடி வந்த 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். மற்றவர்களின் இராஜினாமாக் கடிதங்களைக் கோப்பில் போட்டுக்கொண்டிருந்த மனிதவள அதிகாரிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

சரி, அப்படி ஒருவர் அறுகம்பேயில் இருந்தால் என்ன செய்வார்? முதல் நாளே நியமனக் கடிதம் கொடுப்பார். ஊழியர் சேமலாப நிதிக்குப் பெயர் பதிவார். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 கட்டவேண்டும். "ஆறு மாத சீசனுக்கு வாற பொடியனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் முதலாளிமார் பலர். நிரந்தரம், தற்காலிகம் என்று சேமலாப நிதிச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை, வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அது செல்லும். அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் பணம் போகாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும், ஏறி ஏறிக் கட்டவேண்டிய தொகையில் பாதி வரைக்கும் போகும்.

சேவைக் கட்டணத்தையும் அவர் ஒழுங்காக்குவார். பெரிய ஹோட்டல்களில் பில்லோடு சேரும் 10 வீத சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பங்கிடுவார்கள். நல்ல மாதத்தில் அந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தையே தொட்டுவிடும். சின்ன விடுதியில் அதே 10 வீதம் பில்லில் இருக்கும், ஊழியரின் கையில் இருக்காது. வெயிட்டர் பொடியன் அந்தப் பில்லை ஒரு நாளைக்கு நாற்பது தரம் பார்க்கிறான். அவனுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவர் முதலாளி மட்டும்தான்.

மனிதவள அதிகாரி ஒருவரை வைத்துக்கொள்ள எட்டு அறை விடுதிக்குக் கட்டுபடியாகாது, உண்மைதான். பத்து விடுதிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாமே! சம்பளப் பட்டியலும் லீவுக் கணக்கும் கணினிக்குள் வந்துவிட்ட காலம் இது. நிந்தவூரில் வீட்டிலிருந்தபடி பாதி வேலையைப் பார்க்கலாம், கிழமையில் இரண்டு நாள் அறுகம்பேக்கு வந்து போகலாம். சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் படித்த பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கொழும்புக்கு அனுப்ப மனமில்லாமல் பட்டச் சான்றிதழைப் பிரேம் போட்டு மாட்டிவைத்திருக்கும் வீடுகள் எத்தனை!

பிறகு என்ன, அந்த அதிகாரிக்கே ஆறு மாதச் சம்பளம்தான் தருவோம் என்பார்கள் முதலாளிமார். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த தாக்குதல், அடுத்து கொரோனா, 2024 ஒக்டோபரில் அறுகம்பேயில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கை என்று அடிமேல் அடி வாங்கிய முதலாளிக்கு, ஆளில்லாத மாதத்தில் சம்பளம் கொடுக்கப் பயம் இருக்கும்தான்.

வழி இல்லாமல் இல்லை. இங்கே வாடைக் காற்று தொடங்கி அலைச்சறுக்கு அடங்கும் நவம்பரில்தான் ஹிக்கடுவையிலும் வெலிகமையிலும் சீசன் பிறக்கிறது. நமது பொடியன்கள் சிலர் இப்போதே அந்தப் பக்கம் போய் வேலை செய்துவிட்டு ஏப்ரலில் திரும்புகிறார்கள், யாருடைய ஏற்பாடும் இல்லாமல். அங்குள்ள விடுதிக்காரரோடு பேசி, செப்டெம்பரிலேயே ஆளுக்கொரு கடிதம் எழுதி, சேமலாப நிதி இலக்கத்தோடு அனுப்பிவைத்து, ஏப்ரலில் திரும்ப எடுப்பதுதான் நான் சொல்லும் அதிகாரியின் வேலை. அவருக்கும் பன்னிரண்டு மாதமும் வேலை இருக்கும். கொஞ்சம் சிங்களம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.