வலிப்பைவிடக் கொடியது வெட்கம்

(சங்கரன்கோவிலில் விசைத்தறி, மில், விவசாயத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



கூலி உயர்வு பற்றியும் போனஸ் பற்றியும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று நம் வீடுகளுக்குள் மூடி மறைக்கப்படும் ஒரு துயரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வலிப்பு நோய் கண்ட குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும் படும் மனவேதனைதான் அது.

வலிப்பு என்றால் என்ன? மூளை நரம்புகளில் ஓடும் நுண்ணிய மின்னோட்டம் சிறிது நேரம் கட்டுமீறிப் பாய்கிறது. அவ்வளவுதான்! அது பேயுமல்ல, சாபமுமல்ல, ஒட்டுவாரொட்டியுமல்ல. பிரசவத்தில் குழந்தை மூச்சுத் திணறுவது, மூளைக்காய்ச்சல், தலைக்காயம், மலம் கலந்த நீரிலும் கழுவாத காய்கறியிலும் வரும் நாடாப்புழு முட்டை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 100க்கு 80 பேர் வரை வாழ்வது ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான். நல்ல பிரசவமும் நல்ல கக்கூசும் கிட்டாத இடத்தில் இந்த நோய் பெருகுவதில் வியப்பென்ன?

வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். வெட்கமோ ஆண்டுக்கணக்கில் அடங்குவதில்லை. பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறார்கள். தாய் வேலையை விட்டுக் காவல் இருக்கிறாள். பழியும் அவள்மேல்தான் விழுகிறது. அக்காளின் கல்யாணம் தடைபடுமே என்று மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். பிள்ளை எல்லாவற்றையும் பார்க்கிறது. "எல்லாம் என்னால்தான்" என்று உள்ளுக்குள் குமைகிறது.

இது வெறும் ஊகமல்ல. இங்கிலாந்தின் வைட் தீவில் 1960களில் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பொதுவாக 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 7 பேருக்கு மனச்சிக்கல் இருந்தது. வலிப்பு கண்ட பிள்ளைகளிலோ, வேறு மூளைக்கோளாறு இல்லாதவர்களிடையே கூட, 100க்கு 29 பேர் அளவில் இருந்தது!

சட்டமும் இந்த வெட்கத்துக்குத் துணை நின்றது. 1976ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியவர்கள், வலிப்பை மனநோயோடு ஒரே வரியில் சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக்கினார்கள். 1999ல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து போன சொல் நம் தெருவிலிருந்து போக வேண்டாமா?

முறையாகச் சிகிச்சை பெற்றால் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம். கர்நாடகத்தில் யளந்தூர் வட்டாரக் கிராமங்களில் டாக்டர் கே.எஸ். மணியின் குழுவினர் பினோபார்பிடோன், பினைட்டாயின் என்ற விலை மலிந்த மாத்திரைகளைக் கொண்டே பலரின் வலிப்பைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2001ல் வெளிவந்தது.

கோமதியம்மன் சந்நிதிக்குப் போய்ப் புற்றுமண் பூசும் தாயை நாம் ஏளனம் செய்யமாட்டோம். போய் வரட்டும். ஆனால் டாக்டர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம்.

பிள்ளை விழுந்தால் இரும்பைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் 108ஐ அழையுங்கள். கண் விழிக்கும் பிள்ளை முதலில் பார்ப்பது கூடி நிற்கும் கூட்டத்தையல்ல, அன்பான ஒரு முகத்தையே என்று ஆகட்டும். கிணற்றடியிலும் அடுப்படியிலும் கவனம் வேண்டும். அதற்காக விளையாட்டையும் படிப்பையும் பறிக்க வேண்டியதில்லை.

தோழர்களே! பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒருமுறை போய் வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். கூலி போகிறதே என்றுதான் பல வீடுகளில் மாத்திரை பாதியில் நிற்கிறது. ஆகவே கோருகிறோம்: வட்டார அரசு மருத்துவமனையில் மாத்திரை தட்டில்லாமல் கிடைக்க வேண்டும்! நரம்பு மருத்துவர் குறித்த நாட்களில் இங்கேயே வந்து பார்க்க வேண்டும்! பிள்ளைக்கும் தாய்க்கும் மனநல ஆலோசனை வேண்டும்! ஆசிரியர்களுக்கு முதலுதவிப் பயிற்சி வேண்டும்! ஆஸ்பத்திரி செல்லும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும்!

கோரிக்கைக்குப் போராடுவோம். அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உங்கள் தெருவில் கதவடைத்துக் கிடக்கும் அந்த வீட்டுக்குப் போங்கள். அந்தத் தாயோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பிள்ளையை உங்கள் பிள்ளையோடு பள்ளிக்கு அனுப்புங்கள். துயரத்தில் ஒருவரையும் தனியே விடாததுதான் தொழிலாளி வர்க்கத்தின் பண்பு!