கூலிக்குக் கடல் கடந்தோம், கல்விக்கு?

(போடிமெட்டில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போடியிலிருந்து இம்மேட்டுக்கு ஏறி வருகிற பாதையிலே 17 கொண்டை ஊசி வளைவுகள். இன்று விடியற்காலை அவ்வளைவுகளைக் கடந்து வருகையில், எங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் ஜீப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் மலையின் எழிலைக் காண வந்தவர்களல்லர். மடியிலே தூக்குவாளி, தலையிலே சுற்றிய துண்டு, கண்ணிலே தீராத தூக்கம் - ஏலத் தோட்டத்துக்கு நாட்கூலிக்குச் செல்லும் நம் தாய்மார்கள்! காலையில் ஒரு மாநிலத்தின் எல்லையைத் தாண்டுகிறார்கள். மாலையில் மீண்டும் தாண்டி வீடு திரும்புகிறார்கள். நாம் கூடியிருக்கும் இவ்விடத்துக்குச் சற்று அப்பால் கேரளம். 1956 நவம்பர் முதல் நாள் தேவிகுளமும் பீர்மேடும் அப்பக்கம் சென்ற கதையை இன்று நான் பேச வரவில்லை. தொடங்கினால் இரவாகிவிடும், உங்களுக்குக் கடைசி வண்டி போய்விடும்.

நான் பேச வந்தது கல்வியைப் பற்றி. அதிலும் நம் கல்லூரிப் பிள்ளைகள் அயல்நாடு சென்று கற்பதைப் பற்றி. அயல்நாட்டுப் பிள்ளைகள் நம் கல்லூரிக்கு வந்து கற்பதைப் பற்றி. "இதென்ன, ஏலக்காட்டிலே வந்து இலண்டனைப் பற்றிப் பேசுகிறாரே!" என்று பின்வரிசையிலே ஒரு தோழர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். காரணம் கூறுகிறேன்.

எல்லை தாண்டுவது தமிழனுக்குப் புதிதா? 1860-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் சென்ற கப்பல் அது. இலங்கையின் தேயிலைக் காட்டுக்குப் போனோம். மலேயாவின் இரப்பர்க் காட்டுக்குப் போனோம். பர்மாவுக்குப் போனோம், பிஜிக்கும் போனோம். போனவனை அன்று எவரேனும் கேட்டதுண்டா, "உனக்கு ஆங்கிலம் வருமா? வங்கியிலே எவ்வளவு வைத்திருக்கிறாய்? உன் தகப்பனாரின் ஆண்டு வருமானம் என்ன?" என்று? கேட்கவில்லை. முதுகு வலுவாயிருந்தால் போதும், கப்பலில் இடம் கிடைத்தது. அவனுடைய கொள்ளுப் பேரன் இன்று, "அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்திலே ஓராண்டு கற்று வருகிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும்! அத்தனை கேள்வியும் அவன் மீது பாய்கிறது. உழைப்புக்குத் திறந்த கதவு, படிப்புக்கு மூடிக் கிடக்கிறது. இதைத்தான் நான் அரசியல் என்கிறேன்.

இம்மலையில் விளைகிற பொருளையே எடுத்துக் கொள்ளுங்கள். ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய செடி. முதல் உலகப் போருக்கு முன்பே ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் இச்செடியைக் கொண்டு சென்று, நடு அமெரிக்காவிலுள்ள குவாதமாலா நாட்டின் மலைச் சரிவுகளிலே நட்டார். பல பத்தாண்டுகளாக உலகிலேயே மிகுதியாக ஏலம் விளைவிக்கும் நாடு எனப் பெயர் பெற்று நிற்பது எது? நம் நாடல்ல, குவாதமாலா! அந்நாட்டார் ஏலத்தை அதிகம் தின்பதுமில்லை; தேநீரிலே தட்டிப் போடுவதுமில்லை. அரபு நாட்டுச் சந்தைக்கென்றே விளைவிக்கிறார்கள். அந்தச் சந்தையிலே நமக்குப் போட்டி அவர்கள். அங்கே மழை மிகுந்தால் இங்கே போடியில் விலை ஏறும். அங்கே காய் கொழித்தால் இங்கே விலை சாயும். விலை சாய்ந்தால் ஜீப்பிலே வந்த அம்மாவுக்கு வேலை நாள் குறையும்.

செடி போயிற்று. செடியைப் பற்றிய கவலை நம்மோடு இருக்கிறது. ஆனால், அந்தச் சரிவிலே அவர்கள் எப்படி நடுகிறார்கள், எப்படி உலர்த்துகிறார்கள், கூலி என்ன கொடுக்கிறார்கள் என்பதை ஓராண்டு தங்கிக் கற்று வந்தவர் நம்மிலே எத்தனை பேர்? பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்திருக்கிறதெனக் கூறி அயல்நாட்டார் நம் காயைத் திருப்பியனுப்பிய செய்தியைப் படித்தீர்களே, அந்த எச்சத்தை அளக்கும் கலையை நெதர்லாந்திலுள்ள வாகனிங்கன் பல்கலைக் கழகம் போன்ற இடங்களிலே சொல்லித் தருகிறார்கள். இதே தேனி மாவட்டத்தின் பெரியகுளத்திலே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. 2012 முதல் போடியிலே அரசினர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளை ஒரு பருவம் அங்கு சென்று கற்றுத் திரும்பினால், பயன் அவனுக்கு மட்டுமா? இம்மலைக்கு அல்லவா!

"வெளிநாட்டுப் படிப்பு சீமான் வீட்டுப் பிள்ளைக்கு உரியது, ஏழைக்கு எதற்கு அந்த ஆசை?" என்பர் சிலர். நம்முடைய தோழர்களிலேயே சிலர் இப்படிக் கூறக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லுவேன்.

1913-ஆம் ஆண்டு, 22 வயது இளைஞர் ஒருவர் நியூயார்க் நகரிலே கப்பலிலிருந்து இறங்கினார். தகப்பனார் அவ்வாண்டுதான் மறைந்திருந்தார். சொத்து இல்லை. கையிலிருந்தது பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித் தொகை: திங்களுக்கு பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. அந்த இளைஞர் கொலம்பியா பல்கலைக் கழகத்திலே பொருளாதாரம் படித்தார், சமூகவியல் படித்தார், வரலாறு படித்தார், மானிடவியல் படித்தார், எதைத்தான் படிக்கவில்லை! 1916 மே 9-ஆம் நாள், அமெரிக்கப் பேராசிரியரின் வகுப்பறையிலே எழுந்து நின்று, இந்தியாவிலே சாதி எப்படிப் பிறந்தது, எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று கட்டுரை படித்தார். அவர்தாம் அண்ணல் அம்பேத்கர். தம் ஊரிலே தண்ணீர்க் குடத்தைத் தொட விடாத சமூகத்தைப் பற்றி அச்சமின்றி ஆராய்ந்து பேச, ஏழு கடலுக்கு அப்பால் ஒரு வகுப்பறை அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அரசியல் சட்டத்தை வகுத்த கரத்துக்கு வலிமை தந்தவற்றுள் அந்த வகுப்பறையும் ஒன்று.

இன்னொன்றையும் மறவாதீர்கள். படித்துத் திரும்பி, ஒப்பந்தப்படி 1917-இல் பரோடாவிலே பணி ஏற்கச் சென்ற அதே மனிதருக்கு, அந்நகரிலே தங்க இடம் கிடைக்கவில்லை! பார்சி விடுதியொன்றிலே தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நியூயார்க்கிலே கிடைத்த அறை பரோடாவிலே கிடைக்கவில்லை. இதை ஏன் இப்போது சொல்லுகிறேன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

விடுதலைக்குப் பிறகு 1954-55-இல் மைய அரசு, தாழ்த்தப்பட்ட மாணவர்கள் அயல்நாட்டிலே கற்பதற்கென்று ஓர் உதவித் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். எத்தனை பேருக்கு? இன்று நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டிலே, 2021-22 முதல் ஆண்டொன்றுக்கு வகுத்த இடங்கள் 125. அதிலே நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகிய இரு சாராருக்கும் சேர்த்து எத்தனை? நான்கு! குமரி முதல் காசுமீர் வரை நான்கு! ஜீப்பிலே ஏறி வரும் அந்தத் தாயின் மகளுக்கு அந்த நான்கிலே ஒன்று கிட்டுமா? கணக்கறிந்த தோழர்கள் கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

2025-ஆம் ஆண்டிலோ, தெரிந்தெடுக்கப்பட்ட 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் ஆணை தரப்பட்டது. ஏனையோருக்குப் பணம் இருந்தால் பார்ப்போம் என்று பதில் வந்தது. அயல்நாட்டுப் பல்கலைக் கழகம் இடம் கொடுத்தாகிவிட்டது, வகுப்பு தொடங்கும் நாள் குறித்தாகிவிட்டது, பிள்ளை பெட்டி கட்டிக் காத்திருக்கிறது. பணம் இருந்தால் பார்ப்போமாம்!

பணத்தினும் கொடிய செய்தி வேறொன்று உண்டு. 2022-ஆம் ஆண்டு இத்திட்டத்திலே புதிய விதி ஒன்றைச் செருகினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்த உதவித் தொகை கிடையாது என்பது அவ்விதி. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 1916-இல் கொலம்பியாவிலே அம்பேத்கர் படித்தாரே, அந்தக் கட்டுரையின் பொருளை இன்று ஒரு மாணவன் ஆய்வுக்கு எடுத்துக் கொண்டால், அவன் பெயரை அடித்துவிடுவார்கள். மன்னராட்சியிலே பரோடா அரசு தந்த உரிமையை மக்களாட்சியிலே மறுக்கிறார்கள். இயந்திரம் படி, கணிப்பொறி படி, ஆனால் உன்னை மிதிப்பது யார் என்று மட்டும் படிக்காதே என்கிறார்கள்!

தமிழ்நாட்டிலே, அண்ணல் பெயரால் அமைந்த அயலகக் கல்வித் திட்டத்தை 2023-இல் திருத்தி, ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்கு ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை அளிக்க வகை செய்தார்கள். 2024 ஜூன் திங்களிலே அரசு, பொறியியல் மாணவர் உள்ளிட்ட 25 பேரை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. இவற்றை மனமாரப் பாராட்டுகிறேன். பாராட்டிவிட்டு ஒன்று கூறுவேன், கோபம் கொள்ள வேண்டாம்: ஒரு வாரம் என்பது விருந்தாளி தங்கும் காலம், மாணவன் தங்கும் காலமல்ல. ஒரு பருவமாவது வேண்டும். அங்கே எழுதிய தேர்வின் மதிப்பெண் இங்கே பட்டத்திலே சேர வேண்டும். இல்லையேல் அது கல்விப் பரிமாற்றமாகாது, கல்விச் சுற்றுலா.

ஐரோப்பாவிலே இதைத்தான் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டிலேயே இரு முறை ஒருவரையொருவர் கொன்று குவித்த நாடுகள், 1987-இல் 'எராஸ்மஸ்' என்ற திட்டத்தை வகுத்தன. முதலாண்டு 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் எல்லை கடந்தார்கள். பிரெஞ்சுப் பிள்ளை ஜெர்மனியிலே படித்த பருவத்தை அவனது சொந்தக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. இன்று அந்த எண்ணிக்கை பல இலட்சங்களாகப் பெருகிவிட்டது. சீமான் பிள்ளைகள் மட்டுமா போனார்கள்? அரசுகள் செலவில் பங்கேற்றன; ஆகவே மற்றவரும் போனார்கள்.

நம் நாட்டிலும் 2022-இல் பல்கலைக் கழக மானியக் குழு, அயல்நாட்டுக் கல்வி நிலையங்களோடு சேர்ந்து இணைப் பட்டம் தரலாமென்று விதி வகுத்தது. ஆனால், யார் சேரலாம்? தர மதிப்பீட்டிலே 3.01 புள்ளி பெற்றிருக்க வேண்டும், அல்லது பல்கலைக் கழகத் தரவரிசையிலே முதல் நூற்றுக்குள் இருக்க வேண்டும், அல்லது மேன்மை நிறுவனம் என்று அரசே முத்திரை குத்தியிருக்க வேண்டும். மலையடிவாரத்துக் கல்லூரிக்கு, ஆசிரியர் இடங்களை நிரப்பாமலே வைத்துவிட்டு, 'உனக்குப் புள்ளி போதவில்லை' என்பது எவ்வகை நீதி? பசித்தவனைப் பார்த்து, முதலில் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, பிறகு சோறு போடுகிறேன் என்பது போலல்லவா இருக்கிறது!

இதுவரை போவதைப் பற்றிப் பேசினேன். வருவதைப் பற்றியும் பேச வேண்டும்.

2024-இல் அயல்நாடுகளிலே பயின்ற இந்திய மாணவர் 13 இலட்சத்துக்கு மேல் என்று மைய அரசே கூறியது. 2021-22 கணக்குப்படி இந்தியாவுக்கு வந்து பயின்ற அயல்நாட்டு மாணவர் 46,878. இப்பக்கம் ஒருவர் வர, அப்பக்கம் ஏறத்தாழ 28 பேர் போகிறார்கள். போகிறவர்களிலும் பெரும்பாலோர் வீட்டை அடமானம் வைத்துப் போகிறவர்கள். இது பரிமாற்றமா? ஒருவழிப் பாதை!

வருகிறவர்களால் நமக்கென்ன பயன் என்று கேட்பவருக்கு, தமிழ் வரலாற்றிலிருந்தே விடை உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் யார்? மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவிலிருந்து வந்த விபுலானந்த அடிகள். அதே பல்கலைக் கழகத்திலே 1945-இல், முப்பது வயது கடந்தபின் மாணவராக வந்து சேர்ந்தார் ஒரு பாதிரியார். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கத்திலே பிறந்து, உரோமாபுரியிலே சமயக் கல்வி கற்று, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே பள்ளி ஆசிரியராக இருந்தபோது தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியவர். தனிநாயகம் அடிகள் என்றால் நீங்கள் அறிவீர்கள். கடல் கடந்து வந்த அந்த மாணவர்தாம், பின்னர் மலாயாப் பல்கலைக் கழகத்திலே பேராசிரியராக அமர்ந்து, 1966-இல் கோலாலம்பூரிலே முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டக் காரணமானார். இரண்டாம் மாநாடு 1968 ஜனவரியிலே சென்னையில், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நடந்தது. அதே ஆண்டு, யேல் பல்கலைக் கழகம் அண்ணாவை அழைத்தது. அவரும் அங்கே சென்று மாணவர்களோடு தங்கி உரையாடி வந்தார். சிதம்பரத்திலே ஒரு நாற்காலி அந்த யாழ்ப்பாணத்தாருக்கு மறுக்கப்பட்டிருந்தால் தமிழுக்கு எவ்வளவு இழப்பு!

ஆனால் இன்று, ஆப்பிரிக்க நாட்டிலிருந்து வரும் ஒரு மாணவன் நம் நகரங்களிலே வாடகைக்கு வீடு தேடிப் படும் பாடு என்ன? நிறத்தைப் பார்த்தவுடன் கதவைச் சாத்துகிறவர்கள் இல்லையா? நம் மேடையிலே கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாத்துகிறவர்களும் இருக்கலாம். 1917-இல் பரோடாவிலே சாத்திய கதவு அதுதான், தோழர்களே. அதற்காகத்தான் அந்தக் கதையைச் சொன்னேன். வீடு வைத்திருக்கும் தோழர்கள் அடுத்த முறை அப்படி ஒரு பிள்ளை வந்து கேட்கும்போது, நம் பிள்ளை நேட்டாலிலே நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள்.

தீர்மானங்கள் கிடக்கட்டும். அரசிடம் கேட்க வேண்டியதை நம் உறுப்பினர்கள் மன்றங்களிலே கேட்பார்கள்: அந்த நான்கை நானூறாக்கு, 2022 விதியை நீக்கு, பருவப் பரிமாற்றத்துக்கு அரசு கல்லூரிகளைத் தகுதியாக்கு என்று. கிளைத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை இதனினும் சிறியது. ஆகவே இதனினும் கடினமானது. உங்கள் தெருவிலே கல்லூரியிலே படிக்கும் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இராது. பள்ளிச் சான்றிதழிலே ஒரு பெயர், ஆதாரிலே ஒரு பெயர், தகப்பனார் முதலெழுத்து ஒன்றிலே முன்னால், ஒன்றிலே பின்னால். இதைச் சரிசெய்யவே மாதக்கணக்காகும். விளம்பரம் வந்தபின் ஓடினால் கடைசி நாள் கடந்துவிடும். தாசில்தார் அலுவலகத்துக்கு அந்தத் தாய் ஒரு நாள் வர வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும். அவளுக்கு மாற்றாக நீங்கள் போய் நில்லுங்கள். கையொப்பத்துக்கு மட்டும் அவள் வரட்டும். முன்பணம் கேட்டு, 'நான் அனுப்பி வைக்கிறேன்' என்று சொல்லும் தரகன் வந்தால், அவன் பெயரையும் எழுதிக் கொள்ளுங்கள்.

நாலரை மணிக்கு ஜீப்புகள் இவ்வழியே கீழிறங்கும். இங்கே தேநீர்க் கடைப் பக்கம் சற்று நிற்கும். இளந்தோழர்கள் நால்வர் குறிப்பேட்டோடு அங்கே நில்லுங்கள். எந்த அம்மாவின் பிள்ளை எந்தக் கல்லூரியிலே, எத்தனையாவது ஆண்டிலே என்று கேட்டு எழுதத் தொடங்குங்கள். நானும் வருகிறேன்.