வரியும் கள்ளச் சிகரெட்டும்

(பிறையில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிகரெட்டுக்கு வரியை உயர்த்தினால் கள்ளச் சிகரெட் பெருகும். ஆதலால் வரியைக் குறைப்பதே அறிவுடைமை என்றொரு வாதம் நம் நாட்டில் பல ஆண்டுகளாக நிலவி வருகிறது. பால் நிறுக்கும் இடத்திலும் கடைவாசலிலும் நீங்களும் இதனைக் கேட்டிருக்கக்கூடும். இவ்வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

2015 நவம்பரில் ஒரு சிகரெட்டின் மீதான கலால் வரி 28 காசிலிருந்து 40 காசாக உயர்த்தப்பட்டது. 13 வெள்ளி 80 காசுக்கு விற்ற பெட்டி 17 வெள்ளியாயிற்று. அதன் பின்னர் வரி கட்டாத சிகரெட் பெருகியது உண்மையே, மறுப்பதற்கில்லை. சிகரெட் நிறுவனங்கள் ஏற்பாடு செய்த ஆய்வுகளின்படி, 2020இல் பத்துச் சிகரெட்டுகளில் ஆறுக்கு மேற்பட்டவை கள்ளச் சரக்கு. (ஆய்வை ஏற்பாடு செய்தவர்கள் யார் என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள். வரி குறைந்தால் பயனடைவோரும் அவர்களே.)

நிற்க. 2015க்குப் பின் பத்தாண்டுகள் அந்த 40 காசு அசையவேயில்லை. 2025 நவம்பரில்தான் 2 காசு கூடிற்று. கலால் வரி ஏறாத அந்த ஆண்டுகளிலும் 2020 வரை கள்ளச் சரக்கு ஏறிக்கொண்டே போயிற்று. 2021இல் வரி குறைக்கப்படவில்லை. ஆனால் புதிய இறக்குமதி உரிமங்கள் நிறுத்தப்பட்டன. வேறு நாட்டுக்குப் போவதாகக் கூறி இறக்கப்படும் சிகரெட்டுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. சிறு படகுகளில் மாற்றி ஏற்றுவதும் தடுக்கப்பட்டது. கள்ளச் சரக்கின் பங்கு அதன் பிறகே இறங்கத் தொடங்கியது. எனினும், அதே நிறுவனங்களின் கணக்குப்படி 2024இலும் அது பாதிக்கு மேல்தான். கோளாறு வரியில் இருப்பதைவிடக் காவலில் இருப்பதே அதிகம் என்பது என் கருத்து.

பிறையிலுள்ள நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பட்டர்வொர்த் துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. வேறு பொருளின் பெயரை எழுதிக் கொள்கலனில் சிகரெட் அனுப்புவது கடத்துவோரின் பழைய வழி. நாற்பதடிக் கொள்கலனொன்றில் சுமார் ஒரு கோடிச் சிகரெட் அடங்கும். சிகரெட்டுக்கு 42 காசு வீதம் அரசாங்கம் இழப்பது 42 இலட்சம் வெள்ளி.

இனி நம் வீட்டுக் கணக்கு. நாளுக்கு ஒரு பெட்டி, 17 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மாதம் 510 வெள்ளி. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி; அதில் நூற்றுக்கு முப்பது புகையாகிறது. ஐந்து வெள்ளிக் கள்ளப் பெட்டியானால் 150 வெள்ளியோடு போயிற்று என்று சிலர் மகிழ்கின்றனர். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. சம்பளத்தின் சுருக்கம் அப்படி. ஆனால் நுரையீரலுக்கு இரண்டும் ஒரே புகை. அன்றியும், தந்தைக்கு எட்டும் அந்த ஐந்து வெள்ளி, பள்ளி செல்லும் மகனுக்கும் எட்டிவிடுகிறது. 17 வெள்ளி அவனுக்கு எட்டாது. வரி காக்க வந்தது அவனைத்தான்.

2007 முதல் பிறந்தோருக்குச் சிகரெட் விற்கவே கூடாது என்று 2022இல் கொணரப்பட்ட மசோதாவின் அப்பகுதி, அரசியலமைப்புக் கேள்வி எழுந்ததால் 2023இல் நீக்கப்பட்டது. 2024 அக்டோபர் முதல் நடப்பிலிருக்கும் சட்டமோ பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு விற்பதைத் தடுக்கிறது. தோட்டத்துக் கடையில் 12 வெள்ளிக்குக் குறைவாக இருபது சிகரெட் பெட்டி விற்கப்படுமானால், அது சட்டத்திற்குப் புறம்பான சரக்கு. சுங்கத் துறைக்குத் தெரிவிக்கலாம்.

புகைப்பதை விட விரும்புவோருக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் ஆலோசனையும் மருத்துவ உதவியும் உண்டு. அடுத்த முறை மருந்துக்குப் போகும்போது அங்கேயே கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.