தையலுக்குள் இரண்டு அங்குலம்

பிள்ளைப்பேறு, மருந்து, வயது என்று எத்தனையோ காரணங்களால் உடம்பு பெருக்கும், இளைக்கும். அது இயல்பு. புடவைக்கும் வேட்டிக்கும் அதனால் பாதிப்பில்லை. ரவிக்கைதான் பாடாய்ப் படுத்தும்.

நல்ல தையல்காரர் தைத்த ரவிக்கையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு மூன்று வரிசைத் தையல் ஓடும். உள்வரிசையைப் பிரித்தால் அடுத்த வரிசை தாங்கிக்கொள்ளும். வரிசைகளுக்கு இடையே அரை அங்குலம் என்றால், முன்துணியும் பின்துணியும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலம். இரு பக்கமும் இரண்டு அங்குலம் சுற்றளவு கூடிவிடும். இளைத்தால் மறுபடி ஒரு தையல், அவ்வளவுதான். என்ன அருமையான முன்யோசனை!

ஆயத்த ஆடைகளில் பெரும்பாலும் ஓவர்லாக் அடித்து மிச்சத் துணியை வெட்டிவிடுகிறார்கள். பிரிக்க ஒன்றும் இருக்காது. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, செடி வளர்வதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலகளவில் சொல்லப்படும் மதிப்பீடு. அளவு போதவில்லை என்று அதைத் தூக்கிப்போட மனசு வருமா?

அடுத்த முறை தைக்கக் கொடுக்கும்போது, "உள்ளே தாராளமா துணி விட்டுத் தைங்கண்ணா" என்று சொல்லுங்கள். பருத்தியானால், தைத்தபின் சுருங்காமல் இருக்க, லைனிங் துணியையும் சேர்த்து, முதலில் நனைத்து உலர்த்திவிட்டுக் கொடுங்கள்.