திருப்பூரில் முதலாளி ஆவது யார்?



திருப்பூரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கைமடிக்க வந்த பையன் கம்பெனி முதலாளி ஆனான், எல்லாம் உழைப்பு என்பார்கள். இது முழுப் பொய்யும் இல்லை. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல், அப்படி மேலே வந்த கவுண்டர் முதலாளிகளைப் பற்றியதுதான். நாம் கேட்பது வேறு. அதே வட்டாரத்தில் அதைவிடக் கடுமையாக உழைத்த அருந்ததியர் ஏன் முதலாளி ஆகவில்லை? அடமானம் வைக்கத் தோட்டம் இல்லை. நம்பிப் பணம் புரட்டித்தர மச்சான் இல்லை. ஜாப் ஒர்க் கொடுத்துத் தூக்கிவிடப் பங்காளி இல்லை. தோட்டத்தில் ஆளை வேலை வாங்கிப் பழகியவரும், அவரிடம் பண்ணையாளாக நின்றவரும் ஒரே பஸ்ஸில் திருப்பூர் வந்து இறங்கியிருக்கலாம். புறப்பட்ட இடம் ஒன்றல்ல.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்தப் போராட்டம் நமக்கும் பெருமைதான். பின்னாளில் வேலை சிறு யூனிட்டுகளாக, பீஸ் ரேட்டாக, காண்ட்ராக்டாகச் சிதறியது. தொழிலாளி சிதறினார், ஆர்டர் பிடித்துத் தரும் சாதி உறவு சிதறவில்லை.

சுற்றுக் கிராமங்களில் விசைத்தறிக்கு முன்பணம் வாங்கியவர், கடன் தீராமல் தறியை விட்டு நகர முடியாது. பனியன் கம்பெனிக்குப் போகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஊரில் எதிர்த்துப் பேசுகிறவரும் பெரும்பாலும் அவரே. ஆகவே கம்பெனியை வெறுமனே சபிக்க நாம் தயாரில்லை.

ஆனால் பணம் வந்தால் சாதி கரையும் என்றார்களே? 2018இல், ஏற்றுமதி டாலர் புரளும் இதே மாவட்டத்தில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். இடமாற்றமும் செய்தார்கள். போராடித்தான் அவரைத் திரும்ப அமர்த்த முடிந்தது. பணம் இங்கே சாதியைக் கரைக்கவில்லை. அதற்குக் கட்சி கட்டவும் வழக்கு நடத்தவும் வசதி செய்து கொடுத்தது.

1928இல் பம்பாய் மில் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் ஒன்று கேட்டார். அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பதால், கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களைச் சேர்ப்பதில்லை. அதை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேருங்கள் என்றார். தயங்கித்தான் சேர்த்தார்கள்.

அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சுக்கு முன் திருப்பூர்ச் சங்கங்களிடம் நாமும் இரண்டு வரி எழுதித் தருவோம்: யூனிட் வைக்க முன்வரும் தலித் தொழிலாளிக்கு ஜாப் ஒர்க்கில் பங்கு, விசைத்தறி முன்பணக் கடன் ரத்து.