கறுப்புக் கோட்டில் வரும் நீர்



நம் வட்டாரத்தின் பழைய நில அளவைப் படத்தை விரித்துப் பார்த்திருக்கிறோமா? ஒரு மைல் நிலம் ஓர் அங்குலமாகச் சுருங்கியிருக்கும். நீர் என்றால் நீலம் என்றே தேடுவோம். ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் நீருக்குத்தான் நீலம். மழைக்கு மட்டும் ஓடும் ஓடைக்குக் கறுப்பு. நம்மைப் போன்ற வறண்ட சீமையில் பெரும்பாலானவை கறுப்பே. ஒற்றையடிப் பாதை என்று எண்ணித் தாண்டிவிடுகிறோம். பழுப்புக் கோடுகள் உயரத்தைச் சொல்பவை, கோட்டுக்குக் கோடு 50 அடி. மேற்கே ஜவ்வாது மலையில் அவை பாவிழைபோல் நெருங்கி நிற்கும். ஆரணிப் பக்கம் வரவர விலகும்.

இந்த அளவை வேலைக்கு லாம்டன் துரை 1802 ஏப்ரல் 10 அன்று புனித தோமையார் மலையடியில் சங்கிலி பிடித்தார். நூறடிச் சங்கிலி. ஏழரை மைலை அளக்க 57 நாள் ஆயிற்று! அவருக்கு வெகு காலம் முன்பே யோசுவா, குலத்துக்கு மூவராக ஆள் அனுப்பி, நாட்டை நடந்து பார்த்து எழுதி வரச் சொன்னார். நடந்த பிறகுதான் சீலோவில் சீட்டுப் போட்டு நிலத்தைப் பங்கிட்டார்.

நாம் பங்கிட்ட பிறகும் நடக்கவில்லை. ஏரிக்கு வரும் காலின் கறுப்புக் கோட்டை விரலால் தொடர்ந்தால், அது எங்கே முட்டுகிறது? நம் வீட்டுமனையில், இல்லையென்றால் நம் மைத்துனர் மனையில். வாங்கியபோது அதில் தண்ணீர் ஓடவில்லை, உண்மைதான். பத்திரமும் சரியாக இருக்கலாம். கோடு பத்திரத்துக்கு மூத்தது. மிஞ்சிய காலில் சாயத் தண்ணீரை விட்டோம். ஏரி நிரம்பவில்லை என்று மழைக்காக நவநாளும் செய்தோம். செபித்ததில் தவறில்லை, வந்த மழைக்கு வழி விட்டோமா?

ஆபிரகாம் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்தார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடி தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இட்டார். புதுக் கிணறுகளுக்குச் சண்டை வந்தபோது இரண்டுமுறை விட்டுக்கொடுத்து நகர்ந்தார். இதைக் கேட்கும்போதெல்லாம் நம்மை ஈசாக்கின் பக்கமே வைத்துக்கொள்கிறோம். படத்தைப் பார்த்தால் பெலிஸ்தியரோடு நிற்கிறோமோ என்று தோன்றுகிறது.

இந்தத் தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப்பாதை முடிந்ததும், பழைய கால் தெரிந்த பெரியவர் ஒருவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏரிவரை நடப்போம். எங்கே அறுந்திருக்கிறது, யார் வேலி என்று குறித்துக்கொள்வோம். நம் வேலியென்றால் அதை முதலில் எழுதுவோம்.