துவக்கும் வாக்கும் நீதிமன்றத் தீர்ப்பும்

(மூதூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேளாண்மையைப் பன்றியிடமிருந்து காக்க மூதூர் உழவன் ஒரு துவக்கு வைத்திருக்க விரும்பினால், 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். நமது அரசியலமைப்பில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமையன்று. ஐக்கிய அமெரிக்காவிலோ அது உரிமை. 2008இலும் 2022இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை விரித்துத் தீர்ப்பளித்தது. நீதியரசர்களை நியமிப்பவர் யார் என்பதே அங்கு தேர்தல் மேடைகளில் முழங்கும் கேள்வி.

அது அயல்நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். துவக்கைப் பற்றிய ஒரு சட்டவாசகமே நமது வாக்கின் எல்லையையும் மாற்றியது.

1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு என்ன கூறிற்று? ஆயுதக் குழுக்கள் ஆயுதங்களைக் கையளித்து, போரும் ஓய்ந்தது என்று சனாதிபதி திருப்தியுற்றாலன்றி வடக்கையும் கிழக்கையும் இணைத்தலாகாது என்றது. 1988 செப்டம்பரில் அந்நிபந்தனை நிறைவேறியிருக்கவில்லை. சனாதிபதி ஜெயவர்த்தனா அவசரகால ஒழுங்குவிதியொன்றால் நிபந்தனையையே தளர்த்தினார். ஆயுதக் களைவுக்கான நடவடிக்கை தொடங்கினாலே போதும் என்றாக்கி, இரு மாகாணங்களையும் இணைத்தார். நவம்பரில் தேர்தலும் நடந்தது. கிழக்கில் நடத்தவேண்டிய சர்வசன வாக்கெடுப்போ ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2006 ஒக்டோபர் 16ஆம் நாள் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது. அவ்வேளை மூதூர் எந்நிலையில் இருந்தது? அதே ஆண்டு ஆகஸ்டுப் போரில் தமிழரும் முஸ்லிம்களும் ஊரைவிட்டு ஓடினர். பதினேழு தொண்டுப் பணியாளர் இம்மண்ணிலே சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

பாராளுமன்றம் விதித்த நிபந்தனையை அவசரகால அதிகாரத்தால் மாற்றலாகாது என்ற வாதத்தைச் சட்டம் கற்றவன் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்தக் குறையைப் பாராளுமன்றமே ஒரு சட்டத்தால் நீக்கியிருக்கலாம். அதற்கு மனம் வரவில்லை. 2007 சனவரி முதல் நாள் கிழக்கு பிரிந்தது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2008 மே 10ஆம் நாள் கிழக்கு மாகாணத் தேர்தல். ஆயுதங்களை முற்றாகக் களையாத குழுவொன்று ஆளுங் கூட்டணியோடு சேர்ந்து வாக்குக் கேட்டது. அதன் தலைவரே முதலமைச்சரானார். ஆயுதம் கையளிக்கப்படவில்லை என்பதால் இணைப்பு வீழ்ந்தது. ஆயுதம் கையில் இருக்கவே ஆட்சி எழுந்தது! உழவனின் ஒற்றைத் துவக்குக்குக் கச்சேரியில் பத்திரம் கேட்கும் அரசு, அவர்களிடம் எந்தப் பத்திரத்தைக் கேட்டது?

2017இல் அச்சபையின் ஆயுளும் முடிந்தது. பின்னர் ஆண்டுகள் பல ஆளுநரே ஆண்டார்.

ஆகவே, அன்பர்களே, அவசரகால ஆணையில் கட்டிய உரிமை ஒரு தீர்ப்பில் இடியும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே ஒப்பிய அரசியலமைப்பில் கட்டிய உரிமையே நிற்கும். அதனைக் கேளுங்கள். துவக்கு நிழல் விழாத வாக்குச்சாவடியைக் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருவோர் எவராயினும் முதலில் இவ்விரண்டுக்கும் விடை சொல்லட்டும்!